கணினிப் பணிசெயல் முறைமையைத் தேர்தல்

கருவி ஒன்றைக் கைக்கொள்வோன் அக்கருவியின் இயல்பையும் தன் தேவையின் இயல்பையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்றை மாத்திரம் அறிந்தவன் தெரிவிலே பிழைபடுவான். கணினி இன்று ஆசிரியருக்கும் மாணவருக்கும் எழுதுகோலைப் போல நாளாந்தக் கருவியாகிவிட்டது. ஆயினும், அக்கணினியை உள்ளிருந்து நடத்தும் பணிசெயல் முறைமை யாது, அதனைத் தெரிந்தெடுக்கும் உரிமை தமக்கு உண்டா என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. கடையிலே வாங்கியபோது கணினியினுள் எது இருந்ததோ அதுவே கணினி என்று எண்ணிப் பெரும்பாலோர் அமைந்துவிடுகின்றனர்.

அவ்வமைதியை 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆம் திகதி குலைத்தது. 2015 யூலை 29 இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய விண்டோஸ் 10 என்னும் முறைமையின் பொதுப் பதிப்புகளுக்குத் தான் இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் அன்றுடன் நிறுத்தியது. தனியாட்களின் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை எனக் காலம் குறித்துச் சில நிபந்தனைகளுடன் ஒரு நீடிப்பை அந்நிறுவனம் அறிவித்தது. எனினும் அது தவணையேயன்றித் தீர்வன்று. அடுத்த முறைமையாகிய விண்டோஸ் 11 ஐ ஏற்பதற்கு வேண்டிய தகுதிகள் இல்லாத கணினிகள் பல. அவற்றின் திரை மங்கவில்லை, விசைப்பலகை தேயவில்லை, நேற்றுச் செய்த வேலையை இன்றும் அவை செய்கின்றன. ஆயினும் அவை காலங்கடந்தவை எனப்பட்டன. அவற்றை ஒதுக்கிப் புதியன வாங்குவதா, ஆபத்தை ஏற்று அவ்வண்ணமே வைத்திருப்பதா, வேறொரு முறைமையை அவற்றில் நிறுவுவதா என்னும் வினா பல இல்லங்களில் எழுந்தது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய வினா அன்று. அவ்வினாவை ஆராய்தற்கு வேண்டிய அடிப்படைகளை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிசெயல் முறைமையின் தொழில்

கணினியின் உறுப்புகளாகிய முறைவழியாக்கி, நினைவகம், சேமிப்பகம், திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி முதலியன வன்பொருள் எனப்படும். கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், படம் வரைதல் முதலிய தொழில்களுக்கென ஆக்கப்பட்டவை பிரயோக மென்பொருள்கள் எனப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று இரண்டையும் இணக்குவிப்பதே பணிசெயல் முறைமை.

கல்லூரி ஒன்றின் நிருவாகத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். ஆய்வுகூடம் ஒன்றே, அதனை நாடும் வகுப்புகளோ பல. எவ்வகுப்பு எவ்வேளையில் அதனைப் பயன்படுத்தலாம் என நேரசூசி வரையறுக்கின்றது. நூலகத்திலே எந்நூல் எத்தட்டில் உள்ளது எனப் பட்டியல் காட்டுகின்றது. வாயிலிற் காவலாளி நின்று, உள்ளே புகத்தக்காரையும் தகாதாரையும் பிரித்தறிகின்றான். இவ்வாறே பணிசெயல் முறைமையும் முறைவழியாக்கியின் நேரத்தைப் பல செய்நிரல்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. நினைவகத்தில் ஒவ்வொன்றுக்கும் இடம் வகுக்கின்றது. கோப்புகளைப் பெயரிட்டு ஒழுங்காக வைக்கின்றது. அச்சுப்பொறி முதலிய சாதனங்களுடன் பேசுகின்றது. உரிமையில்லாதார் புகாதவாறு காக்கின்றது.

நல்ல நிருவாகம் கண்ணுக்குப் புலப்படாது நடைபெறும். பணிசெயல் முறைமையும் அத்தகையதே. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. ஒரு பிரயோக மென்பொருள் எம்முறைமைக்கென ஆக்கப்பட்டதோ அம்முறைமையிலேயே செவ்வனே இயங்கும். எனவே, முறைமையைத் தெரிபவர் அதனோடு இயங்கத்தக்க மென்பொருள்களையும் சேர்த்தே தெரிகின்றார்.

மூன்று மரபுகள்

தனியாட்கள் வீட்டிற் பயன்படுத்தும் கணினிகளிலே பெரும்பாலும் காணப்படும் முறைமைகள் மூன்று மரபுகளைச் சார்ந்தவை. ஒவ்வொன்றின் இன்றைய குணங்குறைகளும் அதன் பிறப்பு வரலாற்றிலே வேரூன்றியுள்ளன.

முதலாவது விண்டோஸ். 1981 ஓகஸ்ட் 12 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை வெளியிட்டபோது, அதற்கான முறைமையை வழங்கும் பொறுப்பை மைக்ரோசொப்ட் ஏற்றிருந்தது. சியாட்டில் கம்ப்யூட்டர் புரொடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்திலே டிம் பற்றேர்சன் என்பார் ஆக்கிய முறைமையை விலைக்கு வாங்கித் திருத்தியே அப்பொறுப்பை அது நிறைவேற்றியது. பிற உற்பத்தியாளருக்கும் அம்முறைமையை விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டமைதான் மைக்ரோசொப்ட்டின் வளர்ச்சிக்கு வித்தாயிற்று. ஐ.பி.எம். கணினியை ஒத்த கணினிகளைப் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபோது, அவை யாவற்றிலும் ஒரே முறைமை புகுந்தது. விண்டோஸின் முதற் பதிப்பு 1985 நவம்பர் 20 இலும், உலகெங்கும் அதனைப் பரப்பிய விண்டோஸ் 95 என்னும் பதிப்பு 1995 ஓகஸ்ட் 24 இலும் வெளிவந்தன. பல நிறுவனங்களின் வன்பொருளில் இயங்குதல், எண்ணிறந்த மென்பொருள்களைப் பெற்றிருத்தல் ஆகிய இரண்டுமே இம்மரபின் பெருவலிமை. பரந்து கிடக்கும் களமாதலின் தீய நிரல்களை எழுதுவோர் மிகுதியாக நாடுவதும் இதனையே.

இரண்டாவது அப்பிள் நிறுவனத்தின் மக். 1984 சனவரி 24 இல் மக்கின்டொஷ் கணினி வெளிவந்தது. சுட்டியால் தொட்டுப் படங்களின் வாயிலாகக் கணினியை நடத்தும் முறை சிரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் முன்னரே உருப்பெற்றிருந்தது. அதனைப் பொதுமக்கள் வாங்கத்தக்க கணினியாக்கிப் பரப்பியவற்றுள் மக்கின்டொஷ் தலையாயது. 2001 மார்ச்சு 24 இல் வெளிவந்த மக் ஓ.எஸ். எக்ஸ், யூனிக்ஸ் மரபினின்றும் கிளைத்த புதிய அடித்தளத்தின் மீது கட்டப்பட்டது. கணினியையும் முறைமையையும் ஒரே நிறுவனம் ஆக்குதலே இம்மரபின் தனியியல்பு. அதனால் உறுப்புகளுக்கிடையே இணக்கம் மிகுந்திருக்கும். ஆனால் அந்நிறுவனத்தின் கணினியிலன்றி வேறெக்கணினியிலும் அம்முறைமையை நிறுவ அதன் உரிமம் இடந்தருவதில்லை. ஆதலால் மக் முறைமையைத் தெரிதல் என்பது மக் கணினியை வாங்குதலேயாகும்.

மூன்றாவது லினக்ஸ். 1969 இல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் முறைமையை ஆக்கத் தொடங்கினர். அதனை ஒத்ததாயும், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதாயும் ஒரு முறைமையை ஆக்கும் முயற்சியை 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்தார். அம்முயற்சி பல கருவிகளைத் தந்தது. முறைமையின் கருப்பகுதி மாத்திரம் நிறைவுறாதிருந்தது. 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் தாம் எழுதிய கருவை வெளியிட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 25 இல் அவர் விடுத்த அறிவித்தலில் அதனை ஒரு பொழுதுபோக்கு முயற்சி என்றே குறிப்பிட்டார். 1992 இல் ஸ்டோல்மனின் பொது உரிமத்தின் கீழ் அது வந்தது. அக்கருவையும் பிற மென்பொருள்களையும் தொகுத்து வழங்குவோர் பலராதலின், லினக்ஸ் ஒரு முறைமையன்று, ஒரு குடும்பம் எனலே பொருந்தும். 1993 இல் தோன்றிய டெபியன், 2004 இல் தோன்றிய உபுண்டு, 2006 இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் ஆகியன அக்குடும்பத்தின் புகழ்பெற்ற உறுப்பினர்கள்.

லினக்ஸ் அறிஞருக்கே உரியது, எளியோருக்கு எட்டாதது என்னும் எண்ணம் இன்றும் நிலவுகின்றது. ஆயின் அன்ட்ரோயிட் கைத்தொலைபேசிகள் யாவும் லினக்ஸ் கருவின் மீதே இயங்குகின்றன. 2017 நவம்பர் தொடக்கம் உலகின் ஆற்றல்மிக்க 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெறுவன யாவும் லினக்ஸையே கொண்டுள்ளன. எனவே, தாம் லினக்ஸை அறியோம் என்பார் பலர் அதனைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டே அவ்வாறு கூறுகின்றனர்.

தெரிவுக்கு ஒரு நெறி

இம்மூன்றனுள் எது சிறந்தது என வினவுதல் வழக்கம். அவ்வினா பிழையான வினா. எவருக்கு, எத்தொழிலுக்கு, எக்கணினியில் என்பன சேராவிடத்துச் சிறப்பு என்னும் சொல்லுக்குப் பொருளில்லை.

திருக்குறளின் பொருட்பாலிலே 47 ஆம் அதிகாரம் முதல் 50 ஆம் அதிகாரம் வரையுள்ள நான்கும் முறையே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் தலைப்புகளை உடையன. அரசனுக்கென வகுக்கப்பட்ட வரிசையாயினும், செயல், வலி, காலம், இடம் என்னும் இந்நான்கும் கணினி வாங்கும் எளிய குடிமகனுக்கும் ஏற்ற நெறியாகும்.

செயலறிதல்

முதலில், கணினியைக் கொண்டு செய்யும் தொழில்களை ஒரு தாளிலே எழுதுதல் நன்று. இணையத்தில் வாசித்தல், மின்னஞ்சல், வினாத்தாள் தயாரித்தல், புள்ளிப்பட்டியல் வைத்தல், காணொளி பார்த்தல், நேரலை வகுப்பில் அமர்தல் ஆகியனவே பெரும்பாலோரின் தொழில்கள். இவற்றை மூன்று மரபுகளும் குறைவின்றிச் செய்யும். பயர்பொக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும், லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளும், வி.எல்.சி. என்னும் காணொளி இயக்கியும் மூன்றிலும் கிடைக்கின்றன.

தொழிலுக்கென ஒரு குறித்த மென்பொருளே வேண்டும் எனும்போது நிலைமை மாறும். மைக்ரோசொப்ட் ஒபிஸின் முழுமையான பதிப்பு விண்டோஸிலும் மக்கிலும் உண்டு; லினக்ஸில் இல்லை. அங்கே உலாவியின் வழியாக அதன் இணையப் பதிப்பையே பயன்படுத்தலாம். அடோபி நிறுவனத்தின் போட்டோசொப், இன்டிசைன் ஆகியனவும் அவ்வாறே லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. கிம்ப், ஸ்கிரைபஸ் என்னும் இலவச மென்பொருள்கள் அவற்றின் தொழிலைப் பெரிதும் செய்யுமாயினும், அச்சகத்தார் இன்டிசைன் கோப்பையே கேட்பாராயின் அம்மாற்று உதவாது. விண்டோஸ் மென்பொருள்கள் சிலவற்றை லினக்ஸில் இயக்கும் வைன் என்னும் மென்பொருளும் உண்டு. எனினும் அதனை நம்பி முறைமையை மாற்றுமுன் தமக்கு வேண்டிய மென்பொருள் அதில் இயங்குகின்றதா எனச் சோதித்தல் இன்றியமையாதது.

வலியறிதல்

வலி என்பது கணினியின் வலி, பயன்படுத்துவோரின் பொருள்வலி, அவர்தம் பயிற்சி வலி என மூவகைப்படும். விண்டோஸ் 11, 2021 ஒக்டோபர் 5 இல் வெளிவந்தபோது, குறைந்தது 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பகம், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புக் கூறு ஆகியவற்றைக் கோரியது. அன்றியும், அங்கீகரித்த முறைவழியாக்கிகளின் பட்டியல் ஒன்றையும் வகுத்தது. இன்டெல் முறைவழியாக்கிகளிற் பெரும்பாலும் 2017 இல் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறையும் அதன் பின்னையவையுமே அப்பட்டியலில் இடம்பெற்றன. இத்தகுதியுள்ள கணினியை உடையவர் விண்டோஸிலேயே நிலைபெற விரும்பின் அதனை ஏற்றிக்கொள்வதே எளிய வழி.

அத்தகுதியில்லாத கணினியும் பயனற்றதன்று. 4 கிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினியில் எக்ஸ்.எப்.சி.ஈ. போன்ற இலகுவான முகப்பையுடைய லினக்ஸ் வழங்கல் ஒன்று நன்கு இயங்கும். அதனினும் மேலான உண்மை ஒன்று உண்டு. பழைய கணினி மந்தமாக இயங்குவதற்குப் பல வேளைகளிற் காரணமாவது முறைமையன்று, சுழலும் வன்தட்டே. அதனை அகற்றி எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் எம்முறைமையும் விரைவுபெறும். மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்கோ வழி குறுகிவிட்டது. நெடுங்காலம் அவற்றைத் தாங்கிய டெபியனும் 2025 ஓகஸ்ட்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்புடன் அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டது.

லினக்ஸுக்கு விலையில்லை என்பது மெய். ஆயின் புதியதொன்றைக் கற்கும் நேரமும் ஒரு விலையே. அதனைச் செலுத்த விருப்பமில்லாதவர்க்கு இலவசம் என்பது ஏமாற்றமாகவே முடியும். மக் கணினியின் விலை மிகுதி. அதனை வாங்கவல்லார்க்கும், வாங்கிய பின் நினைவகம் முதலியவற்றைப் பெருக்க இயலாமை நினைவிருத்தல் வேண்டும். முதலிலேயே போதிய அளவு பெறுதல் அவசியம்.

காலமறிதல்

எம்முறைமையும் சாகாவரம் பெற்றதன்று. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. க்கு 2014 ஏப்பிரில் 8 இலும், 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 க்கு 2020 சனவரி 14 இலும் ஆதரவு முடிவுற்றது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வெளிவந்து ஐந்து ஆண்டுகள் இலவச இற்றைப்படுத்தல் பெறுகின்றன. அதன்பின் அடுத்த பதிப்பை விலையின்றியே ஏற்றலாம். அப்பிள் நிறுவனம் முடிவுநாளை முன்கூட்டிக் குறிப்பதில்லை. அண்மைப் பதிப்புகள் மூன்றைக் காத்துவருதல் அதன் வழக்கமாயுள்ளது. 2020 இல் தன் சொந்த முறைவழியாக்கிக்கு மாறத் தொடங்கிய அந்நிறுவனம், 2025 இல் வெளியிட்ட 26 ஆம் பதிப்பே இன்டெல் மக் கணினிகள் பெறும் இறுதிப் பதிப்பு என அறிவித்தது. ஆகவே, பழைய மக் கணினி ஒன்றை மலிவாக வாங்க எண்ணுவோர் அதன் முறைவழியாக்கி எது என முதலில் வினவுதல் வேண்டும்.

இற்றைப்படுத்தல் நின்றால் என்ன, கணினி இயங்குகின்றதே என்பாரும் உளர். 2017 மே 12 இல் நிகழ்ந்தது அவர்க்கு விடையாகும். வன்னாகிரை என்னும் தீநிரல் அன்று விண்டோஸிலிருந்த ஒரு குறைபாட்டின் வழியாக நாடு நாடாகப் பரவிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த வைத்தியசாலைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அக்குறைபாட்டுக்குரிய திருத்தத்தை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது; அதனைப் பொருத்தாத கணினிகளும், ஆதரவு முடிவுற்றமையால் திருத்தம் பெறாதிருந்த கணினிகளுமே துன்புற்றன. வாயிற்காவலன் ஓய்வுபெற்றுச் சென்ற பின்னும் கட்டடம் நிற்கும். அது காவலுள்ள கட்டடமாகாது. இணையத்தோடு தொடுக்காமல் எழுதுவதற்கு மாத்திரம் பயன்படும் கணினிக்கு இவ்வாபத்து மிகக் குறைவு என்பதும் உண்மையே. வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் கையாளும் கணினிக்கு அவ்விலக்குப் பொருந்தாது.

இடனறிதல்

இடம் என்பது ஈண்டு, கணினியைச் சூழ்ந்துள்ள மனிதரையும் வசதிகளையும் குறிக்கும். பழுதுற்றால் திருத்துவார் யார், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் யார் உளர், அலுவலகத்திலிருந்து வரும் கோப்புகள் எவ்வடிவின, வீட்டிலுள்ள அச்சுப்பொறியும் வருடியும் எம்முறைமையோடு இணங்கும் என்பன யாவும் இதனுள் அடங்கும். விண்டோஸைத் திருத்தவல்லார் சிற்றூரிலும் உளர். லினக்ஸை அறிந்த ஒருவர் குடும்பத்திலோ நட்பிலோ உண்டாயின் அத்தடை பெரிதும் நீங்கும். இல்லையாயின் முதற் சில வாரங்கள் கடினமாயிருக்கும்.

தமிழ் ஆவணங்களின் நிலை

தமிழில் எழுதுவோர் இவ்விடத்தே சிறப்பாக எண்ணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலங்கையிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, உரோம எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியதாகும். அவ்வாறு தட்டச்சிட்ட ஆவணத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் உரோம எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றும். சொல்லைத் தேடுதலும் அகர வரிசைப்படுத்தலும் அதில் இயலா. விண்டோஸிலும் இதே நிலைதான். முறைமையை மாற்றும்போது எழுத்துருக் கோப்பை உடன்கொண்டு செல்ல மறப்பின் இடர் உடனே வெளிப்படும்.

ஒருங்குறியோ, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனியிடங்களை வகுத்தது. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. விண்டோஸ் 2000 என்னும் பதிப்பு லதா என்னும் எழுத்துருவுடனும், 2005 இல் வந்த மக் ஓ.எஸ். எக்ஸ் 10.4 இணைமதி என்னும் எழுத்துருவுடனும் ஒருங்குறித் தமிழைக் காட்டின. லினக்ஸ் வழங்கல்களிலும் லோகித் முதலிய எழுத்துருக்கள் உள. தமிழ் 99 விசைப்பலகை இன்று மூன்றிலும் கிடைக்கின்றது. ஆகவே, ஒருங்குறியில் எழுதிய கட்டுரை எம்முறைமைக்கும் அடிமையன்று. பாமினி விசையமைப்பிலேயே விரல் பழகியோர், அப்பழக்கத்தை விடாமல் ஒருங்குறியில் எழுதும் வசதி தாம் விரும்பும் முறைமையில் உண்டா என முன்னரே விசாரித்தறிதல் நன்று. பழைய பாமினி ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்களும் உண்டு. ஒரு விடுமுறையை அதற்கெனச் செலவிடுதல் தகும்.

இதிலிருந்து பெறப்படும் பொதுவிதி பெரிது. கணினி ஏழெட்டு ஆண்டுகளில் மாறும். முறைமை பத்து ஆண்டுகளில் மாறும். ஆசிரியர் ஒருவரின் பாடக்குறிப்புகளும் மாணவர் ஒருவரின் ஆய்வுக் குறிப்புகளும் அவரோடு வாழ்நாள் முழுதும் இருத்தல் வேண்டும். ஆதலால் அவற்றை எங்கும் திறக்கத்தக்க வடிவில் வைத்திருத்தலே முதற் கடன். 2006 இல் அனைத்துலக நியமமாகிய திறந்த ஆவண வடிவமும், 2008 இல் அவ்வாறு நியமமாகிய பி.டி.எவ். வடிவமும் அத்தகையன. காப்புப் பிரதிக்கான வெளித்தட்டை எக்ஸ்பட் என்னும் கோப்பு முறையில் அமைத்தால் மூன்று முறைமைகளும் அதனை வாசிக்கவும் எழுதவும் வல்லன, விண்டோஸின் என்.டி.எப்.எஸ். முறையிலமைந்த தட்டை மக் வாசிக்குமேயன்றி, வேறு மென்பொருளின் துணையின்றி அதில் எழுதாது.

உரிமம் பற்றிய ஒரு சொல்

விண்டோஸும் இலவசந்தானே என்று கருதுவோர் நம்மிடையே உளர். உரிமமின்றிப் பிரதி செய்த மென்பொருளைப் பயன்படுத்துதலே அவ்வெண்ணத்துக்குக் காரணம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, உரிமப் பூட்டை உடைப்பதற்கென ஆக்கிய கருவிகளினூடே தீநிரல்கள் புகுதலும் உண்டு. பரீட்சையிற் பார்த்தெழுதலாகாது என மாணவருக்குப் போதிக்கும் வீட்டிலே பிறர் உழைப்பைக் களவாகப் பயன்படுத்தல் பொருந்துமா என்பதும் எண்ணத்தக்கது. உரிய விலையைச் சேர்த்துக் கணக்கிட்டாலன்றி மூன்று மரபுகளையும் நேர்மையாக ஒப்பிட இயலாது. விலை கொடுத்து வாங்குதலும் மானமுள்ள வழி. விலையில்லாததை உரிமையோடு பயன்படுத்துதலும் மானமுள்ள வழி.

மூவருக்கு மூன்று விடைகள்

இந்நெறியைச் சில நிலைமைகளிற் பொருத்திப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2014 இல் வாங்கிய மடிக்கணினி உண்டு. அவர் செய்திகளை வாசிப்பார், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் முகம்பார்த்துப் பேசுவார், கட்டுரை எழுதுவார். இவருடைய கணினி விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்காது. எஸ்.எஸ்.டி. ஒன்றும் லினக்ஸ் மின்ட் போன்ற எளிய வழங்கல் ஒன்றும், முதல் வாரத்தில் உதவ ஒரு மாணவரும் இருப்பின் அக்கணினி இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும்.

அச்சுப் பக்கங்களை வடிவமைத்து வருவாய் ஈட்டும் இளைஞருக்கு அவ்விடை பொருந்தாது. அவர் தம் தொழில் மென்பொருள் இயங்கும் விண்டோஸையோ மக்கையோ பெறுதலே தகும். இரண்டனுள் எது என்பதை அவருடைய பொருள்வலியும் அவர் கோப்புகளை அனுப்பும் அச்சகத்தின் வழக்கமும் தீர்மானிக்கும்.

பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலப் புகும் மாணவருக்கு லினக்ஸ் அறிவு பின்னர்ப் பெரிதும் பயன்படும். எனினும் அவர் விண்டோஸை முற்றாகத் துறக்கவேண்டியதில்லை. விண்டோஸினுள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதியை மைக்ரோசொப்ட் 2016 முதல் வழங்கிவருகின்றது. ஒரே கணினியில் இரண்டையும் தனித்தனியே நிறுவிக்கொள்ளுதலும் இயலும்.

மாறும் முறை

மாறத் துணிந்தவர் படிப்படியாகச் செல்லல் வேண்டும். முதலிற் கோப்புகள் யாவற்றையும் வெளித்தட்டில் பிரதி செய்து, அப்பிரதி திறக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, தற்போதைய முறைமையிலேயே லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் முதலியவற்றைச் சில கிழமைகள் பயன்படுத்திப் பழக வேண்டும். பின்னர் லினக்ஸ் வழங்கலை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியின் தட்டிலே எதனையும் மாற்றாமல் அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். அப்போது இணையத் தொடர்பு, ஒலி, ஒளிப்படக் கருவி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இவை இணங்கினால் மாத்திரமே நிறுவுதல் தகும். பரீட்சைக் காலத்திலோ புள்ளிகள் சமர்ப்பிக்கும் வாரத்திலோ இம்மாற்றத்தைச் செய்யாதிருத்தல் அறிவுடைமை.

முடிவுரை

மூன்று மரபுகளும் நுண்மதி படைத்தோர் பலரின் பல்லாண்டு உழைப்பால் எழுந்தவை. அவற்றுள் ஒன்றைப் போற்றி ஏனையவற்றை இகழ்தல் கற்றோர்க்கு அழகன்று. செய்யும் தொழிலையும், உள்ள கணினியின் வலியையும், அது காக்கப்படும் காலத்தையும், சூழ்ந்துள்ள இடத்தையும் ஆராய்ந்து தெரிபவர் எதனைத் தெரிந்தாலும் தவறிலர். அவ்வாறு தெரிந்தும், நாளை அதனை விட்டு நீங்க நேரின் தம் எழுத்துகளை இழவாமல் நீங்கத்தக்க நிலையில் இருப்பவரே கணினியை உண்மையில் உடையவர். மற்றையோரின் மேசைமீது கணினி இருக்கும். அது எந்நாளிற் பழையதாகும் என்னும் தீர்ப்பு மாத்திரம் பிறர் கையில் இருக்கும்.